கசிவு அடைத்த கதை

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த ரெட்டிச் என்னும் ஊரில், தையல் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பெயர் போன பட்டறைகளின் நடுவே வளர்ந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 1949-ஆம் வருஷத்தில் விற்பனைக்கு விட்ட 350 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவருக்கு, உள்ளே இருக்கும் பொருள்களைக் காட்டிலும் அங்கே இல்லாத ஒரு பொருளே முதலில் வியப்பைத் தரும். அலுமினியக் கலவையில் வார்த்த கிராங்க் கேஸின் இடது பாதியும் வலது பாதியும் செங்குத்தான ஒரு கோட்டில் முகத்தோடு முகம் வந்து சேருகின்றன. அவற்றின் இடையே தாளில்லை, தக்கையில்லை, தாமிரத் தகடும் இல்லை. மெல்லியதாகப் பூசிய ஒரு பசை மட்டுமே, உள்ளே வாரியிறைக்கப்படும் எண்ணெய் வெளியே வராமல் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாள் வைக்காமைக்குக் காரணம் சிக்கனமன்று. கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் இரண்டு பாதிகளிலும் பகிர்ந்து அமைந்திருப்பதால், இடையே ஒரு தாளின் கனம் புகுந்தாலும் தண்டுக்கு வகுத்த இடைவெளி மாறிப்போகும். ஆகையால் உலோகத்தின் மேல் உலோகமே அமரவேண்டும், பசையானது கடைசல் கருவி விட்டுச் சென்ற நுண்ணிய கீறல்களை நிரப்புவதோடு நின்றுவிட வேண்டும் என்பதே அதை வகுத்த இஞ்சினீயர்களின் சங்கல்பம்.

அந்தச் சங்கல்பத்துக்கு நம் நாட்டில் என்ன கதி நேர்ந்தது என்பது ஒரு சிறிய சரித்திரம். புல்லட்டை ஓட்டியவர்களும் அதைப் பழுது பார்த்தவர்களும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் எண்ணெய்க் கசிவோடு நடத்திய போராட்டத்தில், கசிவு நின்றபோதெல்லாம் பசையைப் புகழ்ந்தும், நிற்காதபோதெல்லாம் அதே பசையைப் பழித்தும் வந்திருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தப் புகழும் பழியும் பெரும்பாலும் விலாசம் தவறிப் போனவை.

இரண்டு உலோக முகங்கள் சந்திக்கும் இடத்தில் எதையேனும் பூசி அடைக்கும் வழக்கம் மோட்டார் சைக்கிளுக்கு மிகவும் முற்பட்டது. நீராவி யந்திரங்களின் காலத்துத் தொழிலாளர்கள், ஈயத்திலிருந்து எடுத்த செந்தூளையும் வெண்தூளையும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, சணல் இழையோடு சேர்த்து, குழாய்களின் இணைப்பிலும் மூடிகளின் விளிம்பிலும் தாராளமாக அப்பினார்கள். அன்றைய வார்ப்பிரும்பு முகங்கள் கரடுமுரடானவை. பசை கனமாக இல்லாவிட்டால் நீராவி நிற்காது. இந்த நிலையை மாற்றியது மேலான ஒரு பசையன்று. 1840-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் சபையில், ஜோசப் விட்வர்த் என்னும் யந்திரக் கலைஞர் உண்மையான சமதளத்தை உண்டாக்கும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மூன்று தகடுகளை எடுத்து, ஒன்றில் சாயம் தடவி மற்றொன்றின் மீது வைத்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் கையால் சுரண்டி, பிறகு ஜோடியை மாற்றி மாற்றி அதே காரியத்தைத் தொடர்ந்து செய்வதே அந்த முறை. இரண்டு தகடுகள் மட்டும் இருந்தால் ஒன்றின் குழிவும் மற்றதன் குவிவும் தமக்குள் இசைந்துபோய்ப் பார்ப்பவரை ஏமாற்றிவிடக் கூடும். மூன்றாவது தகடு சாட்சிக்கு வந்து நின்ற பிறகு அந்த ஏமாற்று நடவாது. கசிவை நிறுத்தும் சாஸ்திரம் உண்மையில் இங்கே ஆரம்பமாகிறது என்று நான் கருதுகிறேன். முகம் எவ்வளவுக்குச் சமமாகிறதோ அவ்வளவுக்குப் பசைக்கு வேலை குறைகிறது.

மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் செந்தூளின் இடத்தை நம் நாட்டுச் சரக்கு ஒன்று பிடித்துக்கொண்டது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் மொய்க்கும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கைச் சுரண்டி எடுத்து, கழுவி, உருக்கி, மெல்லிய ஏடுகளாக இழுத்துக் கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றினார்கள்; மேல்நாட்டில் மேஜை நாற்காலிகளுக்கு மெருகு பூசவும், நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டுகளை வார்க்கவும் பயன்பட்ட அதே அரக்கு, ஸ்பிரிட்டில் கரைக்கப்பட்டு, எஞ்சின் இணைப்புகளுக்குப் பூசும் ஷெல்லாக் ஆயிற்று. அரக்கின் வியாபாரம் எவ்வளவு பெரியதாயிருந்ததென்றால், அதன் ஆராய்ச்சிக்கென்றே 1924-இல் ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் ஒரு நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. எஞ்சினுக்கு அது ஏற்றதாக இருந்ததன் சூட்சுமம் எளியது: அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பெட்ரோலிலும் எஞ்சின் எண்ணெயிலும் கரையாது. 1909-இல் அமெரிக்காவில் புரூக்ளின் நகர்ப் பகுதியில் தொடங்கிய பெர்மாடெக்ஸ் முதலிய கம்பெனிகள் இத்தகைய பசைகளைக் குப்பியிலும் குழாயிலும் அடைத்து உலகெங்கும் பரப்பின. ஆனால் ஷெல்லாக்குக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. காய்ந்தபின் அது கண்ணாடியைப் போல் கெட்டிப்பட்டு நொறுங்கும். ஓரிடத்தில் நின்று ஓடும் யந்திரத்துக்கு அது பெரிய குறையன்று; ஒற்றை சிலிண்டரின் ஒவ்வொரு வெடிப்புக்கும் உடல் முழுவதும் அதிரும் மோட்டார் சைக்கிளுக்கோ, அந்தக் கெட்டித்தனமே காலக்கிரமத்தில் விரிசலுக்கு வழி செய்தது.

இனி புல்லட் சென்னைக்கு வந்த வரலாறு. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவத்தார் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததன் பயனாக, 1955-இல் ரெட்டிச் கம்பெனியாரும் மதராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தாரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவினார்கள். திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையில் முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1957-இல் பாகங்களைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளுமே விலைக்கு வந்து சேர்ந்தன. 1962-க்குள் பாகங்கள் யாவும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய்வீடு அவிந்த பிறகும் திருவொற்றியூரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது நமக்குப் பெருமைதான் என்றாலும், சீமையில் ஏற்கெனவே உழைத்து வந்த கருவிகளைக் கொண்டே பல்லாண்டுகள் வார்ப்பும் கடைசலும் நடந்தால், முகங்களின் சமத்தன்மை நாளுக்கு நாள் கூடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கசிவைத் திருவொற்றியூரின் கண்டுபிடிப்பாக யாரும் எண்ண வேண்டாம். பெட்ரோலிய வயலை நினைவூட்டும்படி ராயல் ஆயில்ஃபீல்டு என்று இந்த வண்டிக்குப் பரிகாசப் பெயர் சூட்டியவர்கள் ஆங்கிலேயர்களே. வண்டி நிறுத்திய இடத்தில் தரையில் எண்ணெய்ப் பொட்டு இல்லாவிட்டால் எஞ்சினில் எண்ணெயே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்னும் வேடிக்கைப் பேச்சு, அங்கேயும் இங்கேயும் ஒருங்கே வழங்கியது.

புல்லட்டில் கசிவுக்கு உண்மையான காரணங்கள் எவை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லாமல் கிராங்க் கேஸ் வார்ப்பின் பின்புறத்திலேயே அடங்கியிருக்கிறபடியால், வண்டி ஓடாமல் நிற்கும்போதும் எண்ணெய் அந்த இணைப்பின் அருகிலேயே காத்திருக்கிறது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அது அமரும் கிராங்க் கேஸ் அலுமினியம். உஷ்ணத்தில் அலுமினியம் இரும்பைப் போல் சுமார் இரண்டு மடங்கு விரிவதால், ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் அந்த இரண்டு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று அணு அளவில் உராய்ந்து நகருகின்றன. இவை போகட்டும். எல்லாவற்றிலும் பெரிய காரணம் காற்று. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்று அதன் அடியிலுள்ள கிராங்க் கேஸுக்குள் அமுக்கப்படுகிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று வேகத்தில் இது விநாடிக்கு 50 முறை நிகழும். இந்தக் காற்றை வெளியே விட்டு மீண்டும் உள்ளே வராமல் தடுப்பதற்கென்று பிரீதர் என்னும் சுவாசக் குழாயும் அதில் ஒருவழி வால்வும் வைத்திருக்கிறார்கள். வால்வின் ரப்பர் உலர்ந்து இறுகிவிட்டாலோ, குழாய் அடைபட்டாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து வெடிப்பின் வாயுவே கீழே இறங்கினாலோ, உள்ளே அடைபட்ட அழுத்தம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு எந்தச் சந்து கிடைக்கிறதோ அந்தச் சந்தின் வழியே வெளியேறும். அப்பொழுது எத்தனை உயர்ந்த பசையைப் பூசினாலும், நிலத்தடி நீர் ஊறும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கதையாகவே முடியும். மூலைக்கடை மெக்கானிக் ஒருவரிடம் கசிகிறதென்று சொல்லப் போனவர்களுக்கெல்லாம், சில ரூபாய் பெறும் வால்வை விட்டுவிட்டு எஞ்சினையே இறக்கிப் பசை போட்டுத் தந்த கூத்து எத்தனை முறை நடந்திருக்கிறதோ, அதைக் கணக்கெடுத்தவர் இல்லை.

இவ்வாறு சொல்வதால் அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பதாக எண்ணலாகாது. கம்பெனி கேஸ்கெட் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், பட்டறை மொழியில் பேக்கிங் என்று வழங்கும் அந்தத் தாளை அவர்கள் தாமே வெட்டிக்கொண்டார்கள். எண்ணெய் ஏற்கும் கெட்டித் தாளையோ, கச்சேரிக் கோப்புக்குரிய அட்டையையோ மூடியின் முகத்தில் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனால், வார்ப்பின் கூரான ஓரமே தாளை வெட்டிக் கொடுத்துவிடும். போல்ட்டுத் துளைகளும் அவ்வாறே தட்டித் திறக்கப்படும். அப்படி வெட்டிய தாளின் ஒரு முகத்தில் ஷெல்லாக் தடவி மூடியோடு ஒட்டிவிட்டு, மறுமுகத்தில் கிரீஸ் மட்டும் தடவி எஞ்சினோடு சேர்ப்பது நல்ல பட்டறைகளின் சம்பிரதாயம். அடுத்த தடவை திறக்கும்போது தாள் கிழியாமல் மூடியோடு முழுசாக வந்துவிடும். இதே பட்டறைகளில் பெட்ரோல் டாங்கியின் துவாரத்தைச் சலவை சோப்பால் அடைத்து வண்டியை வீடு சேர்க்கும் யுக்தியும் வழங்கியது. சென்னையில் புதிய உதிரிப் பாகம் வேண்டுவோர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும், கழித்துக் கட்டிய வண்டியிலிருந்து எடுத்த பாகம் போதுமென்போர் புதுப்பேட்டைக்கும் போவது வழக்கமாயிற்று. ஒரே வார்ப்பு எண்ணைக் கொண்டு ஒன்றாகக் கடையப்பட்ட இரண்டு கிராங்க் கேஸ் பாதிகளில் ஒன்று உடைந்து, அதற்கு ஜோடியாகப் புதுப்பேட்டையிலிருந்து வேறொரு வண்டியின் பாதி வந்து சேர்ந்தால், அந்த முகங்கள் எங்கே முழுமையாகப் பொருந்தப் போகின்றன? பசையைக் கனமாக அப்புவது என்னும் பழக்கம் இந்த வறுமையின் குழந்தை. அது தவறென்று சொல்வதற்கு முன், அதற்கு அன்று வேறு வழி இல்லாதிருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் பசையின் ரசாயனமே மாறியது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் விசித்திரமான ஒரு திரவம் தோன்றியிருந்தது: காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரையில் திரவமாகவே இருக்கும், காற்றுத் தொடர்பு அற்றுப்போனால் இறுகிவிடும். அதைக் கெடாமல் வைத்திருக்க ஓயாமல் காற்றுக் குமிழிகளைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தபடியால், அது கடைச் சரக்காகவில்லை. ஹார்ட்ஃபர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த வெர்னன் கிரீபிள் 1953-இல் இந்தத் தொல்லையைத் தீர்க்கும் கலவையைக் கண்டார். 1956-இல் அது லாக்டைட் என்னும் பெயரில் உலகுக்கு அறிமுகமாயிற்று. பிரிட்டனில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் ஜெட் எஞ்சின் இணைப்புகளுக்காக உருவாக்கிய ஹைலோமார் என்னும் நீலப் பசையோ, ஒருபோதும் முழுக்க இறுகாமல் இளகிய நிலையிலேயே இருந்து, உலோகம் உஷ்ணத்தால் நகரும்போது தானும் உடன் நகர்ந்து கொடுத்தது. பின்னர் மூன்றாவதாக வந்தது சிலிக்கோன். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி ரப்பராக மாறும் இது, முதலில் காடி வாசனையோடு வந்து, மெக்கானிக்குகளின் இருதயத்தைக் கவர்ந்துவிட்டது. சென்னையிலேயே தயாராகும் அனபாண்ட் இங்கே எவ்வளவு பரவிற்றென்றால், எந்தக் கம்பெனியின் பசையையும் அந்தப் பெயராலேயே கேட்டு வாங்கும் வழக்கம் உண்டாயிற்று.

சிலிக்கோன் கவர்ந்ததில் ஆச்சரியமில்லை. பெரிய இடைவெளியையும் அது நிரப்பும். நெளிந்த மூடியையும் மன்னிக்கும். ஆனால் மன்னிக்கும் பொருளை அளவின்றிப் பயன்படுத்தும் சுபாவம் மனிதனுக்கு இயல்பு. போல்ட்டுகளை முடுக்கும்போது மிகையான பசை வெளிப்புறமாகப் பிதுங்குவதை எல்லோரும் காண்கிறார்கள். அதே அளவு உள்ளேயும் பிதுங்குவதைக் காண்பவர் இல்லை. உள்ளே பிதுங்கிய அந்த ரப்பர் நாடா சூடான எண்ணெயில் ஊறி ஒரு நாள் அறுந்து விழுகிறது. புல்லட்டிலோ, எண்ணெய் பம்புகள் டைமிங் பக்கத்து மூடியிலேயே அமைந்திருக்க, கிராங்க் தண்டுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குறுகிய துவாரங்கள் அந்த மூடியின் வழியாகவே செல்கின்றன. கனெக்டிங் ராடின் அடிமுனையில் உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் வைத்த எஞ்சின்களுக்கு எண்ணெய் ஒழுங்காகப் போய்ச் சேர்வது உயிர் நாடி. ஒரு சொட்டுக் கசிவை நிறுத்தப் போன பசை, துவாரத்தை அடைத்து, அந்த புஷ்ஷையே எரித்துவிடக் கூடும். பேராசிரியர் கிரீபிளின் வகைப் பசைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. முகங்களின் இடையே காற்றின்றி அகப்பட்ட பகுதி மட்டுமே இறுகும், உள்ளே பிதுங்கியது திரவமாகவே நின்று எண்ணெயோடு கலந்து போகும். ஆனால் அதற்கு முகங்கள் உண்மையாகவே சமமாயிருக்க வேண்டும். நெளிந்த மூடியிடம் அது பரிவு காட்டாது.

இதற்கிடையே ஜப்பானியர்கள் வேறு திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். 1969-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 முதலான எஞ்சின்களில் கிராங்க் கேஸ் செங்குத்தாகப் பிளக்கப்படாமல், மேல் பாதி கீழ் பாதியென்று படுக்கைவாட்டில் பிரிந்தது. இரு பாதிகளும் சேரும் இணைப்பு அடிப்பகுதிக்கு மேலே அமைந்தபடியால், அதன் வழியே எண்ணெய் கசிவதற்கு வாய்ப்புக் குறைந்தது. நம் நாட்டில், இணைப்பைச் சிரத்தையோடு மூடவேண்டும் என்னும் ஞானம் பாமரர் பட்டறை வரையில் இறங்கியது 1985-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் கொண்டுவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 மூலமாகத்தான் என்று சொல்லலாம். அது இரண்டு வீச்சு எஞ்சின். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கே அமுக்கப்பட்டு, அதன் பிறகே சிலிண்டருக்கு ஏறுகிறது. புல்லட்டைப் போலவே அதன் இரு பாதிகளுக்கும் நடுவே தாள் இல்லை, பசை மட்டுமே. ஆனால் இங்கே இணைப்பு தவறினால் தரையில் சொட்டு விழாது. வெளிக் காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்க்கச் செய்ய, எஞ்சின் தாறுமாறாக வேகம் பிடித்து, உஷ்ணம் மிஞ்சி, பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் கசிவைப் பொறுத்துக்கொண்டு பழகிய கைகளுக்கு, கண்ணுக்குத் தெரியாத கசிவு சிரத்தையைக் கற்பித்தது. ஜப்பானியக் கம்பெனிகள் தத்தம் பெயரிலேயே பசையை விற்று, அதை எந்த முகத்தில் பூச வேண்டும், பேரிங்குகளிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதைப் பழுதுபார்க்கும் கையேட்டில் படம் போட்டும் காட்டின.

அந்தக் கையேடுகளின் வழியில் பழகிய மெக்கானிக் ஒருவர் இன்று புல்லட் கிராங்க் கேஸை மூடுவதைக் கவனித்தால், பசையைத் தொடுவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்கும். பழைய பசையை எஃகு உளியால் சுரண்டாமல், மிருதுவான அலுமினியத்தில் வடு விழாதபடி மரச் சீவலாலோ பித்தளைத் தகட்டாலோ எடுக்கிறார். ஷெல்லாக் ஸ்பிரிட்டுக்கு இளகிவிடும், சிலிக்கோன் எதற்கும் எளிதில் இளகாது, விரலால் உரித்தே எடுக்க வேண்டும். சிறிய மூடிகளைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டிய நுண்ணிய உப்புக் காகிதத்தின் மேல் எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் தேய்த்து, பளபளப்பு எங்கே விழவில்லையென்று பார்த்து, பள்ளத்தைக் கண்டுகொள்கிறார். மூன்று தகடுகளுக்குப் பதிலாக ஒரு கண்ணாடி, அவ்வளவே விட்வர்த் காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம். எண்ணெய்ப் பிசுக்கு அறத் துடைத்து உலர்த்திய பிறகு, ஒரே ஒரு முகத்தில், போல்ட்டுத் துளைகளின் உட்புறமாகச் சுற்றி வரும்படி, அடியிலுள்ள உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாகப் பசையை விரலால் இழுக்கிறார். எண்ணெய்த் துவாரங்களை நெருங்கும்போது கையை விலக்கிக்கொள்கிறார். பிறகு போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குகிறார். சிலிக்கோனாயிருந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் எண்ணெய் ஊற்றாமல் விட்டுவைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் வாசலில் நிற்கும்போது இந்த விதியே முதலில் மீறப்படுகிறது.

2008-க்குப் பின் வெளிவந்த புதிய புல்லட் எஞ்சினில் கியர் பெட்டியும் கிராங்க் கேஸும் ஒரே உடலாகி, வார்ப்பும் கடைசலும் வேறு தரத்துக்குப் போய்விட்டதால், ராயல் ஆயில்ஃபீல்டு என்னும் பரிகாசம் இன்றைய இளைஞர்களுக்கு விளங்குவதில்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களோ இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றைத் திறக்கும்போது ஒரே முகத்தில் பழுப்பு நிற ஷெல்லாக்கும், அதன் மேல் வெவ்வேறு நிறத்துச் சிலிக்கோனும், வெளிப்புறத்தில் எவரோ அவசரத்தில் அப்பிய எம்-சீலும் காணக் கிடைப்பதுண்டு. விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள், கசிகிறதென்று வரும் இத்தகைய வண்டியின் எஞ்சினை உடனே இறக்குவதில்லை. ஸ்டார்ட் செய்து, பிரீதர் குழாயின் நுனியில் விரலை வைத்து, காற்று வெளியே மட்டும் தள்ளுகிறதா அல்லது உள்ளேயும் இழுக்கிறதா என்று பார்க்கிறார்கள். உள்ளே இழுத்தால் வால்வை மட்டும் மாற்றிக் கொடுத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு எஞ்சின் வேலைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் பலர் அந்த வேலைக்குத் திரும்பி வருவதில்லை.